மண்ணும் மனையும்: காலடியில் கிடக்கும் கோரை



தமிழில் 'பாய்' என்னும் சொல் மூன்று பொருள்களைத் தருவது. தரையில் விரிப்பது ஒன்று. மரக்கலத்தில் காற்றைப் பிடிப்பது மற்றொன்று. பிற சமயத்து நண்பர்கள் நம்மை உரிமையோடு அழைப்பது மூன்றாவது. முன்னிரண்டும் தமிழ், மூன்றாவது உருது வழியே வந்து 'சகோதரர்' எனப் பொருள்படுவது. வேர்கள் வெவ்வேறாயினும், நம் முன்னோரின் வாழ்வில் இம்மூன்றும் ஒன்றாகவே கலந்திருந்தன. மரக்கலப் பாய் விரித்துக் கடல் கடந்து வணிகம் செய்தவர்கள் ஒரு சாரார். ஊரிலிருந்தபடியே பாய் முடைந்து பிழைத்தவர்கள் இன்னொரு சாரார். கடலோடிகளைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். பாய் முடைந்தவர்களைப் பற்றியும், அவர்கள் கையில் பாயாக மாறிய அந்த எளிய செடியைப் பற்றியும் பேசியது குறைவு. இம்மாதம் அக்குறையைச் சற்றே தீர்த்துக்கொள்வோம்.

புல் அன்று, ஆயினும் புல்

ஆற்றோரத்திலும் குளக்கரையிலும் வாய்க்கால் வரப்பிலும் ஈரம் நிற்குமிடமெல்லாம் அடர்ந்து நிற்பது கோரை. 'கோரைப்புல்' என்றே நாம் சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் தாவர நூலார் இதனைப் புல்லினத்தில் சேர்ப்பதில்லை. நெல், கரும்பு, மூங்கில், அருகு ஆகியவை ஒரு குடும்பம். கோரை, தன் பெயராலேயே அறியப்படும் வேறொரு பெருங்குடும்பம். உலகெங்கும் ஐயாயிரத்திற்கும் மேற்பட்ட வகைகள் இக்குடும்பத்தில் உள்ளன.

வேறுபாட்டைக் கண்டறிவது கடினமன்று. அடுத்த முறை குளக்கரைப் பக்கம் செல்லும்போது பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். ஒரு புல்லின் தண்டையும் ஒரு கோரையின் தண்டையும் ஒடித்து விரல்களுக்கிடையே உருட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். புல் வழுவழுவென உருளும். இடையிடையே கணு தட்டும். உள்ளே பெரும்பாலும் வெற்றுக்குழலாக இருக்கும். கோரையோ, பெரும்பாலான வகைகளில், மூன்று பட்டையாக விரலில் உறுத்தும். அடியிலிருந்து பூங்கொத்து வரை கணு என்பதே இராது. உள்ளே வெண்பஞ்சு போன்ற சோறு நிறைந்திருக்கும்.

இந்தக் கணுவின்மையும் இந்த உட்சோறுமே கோரையின் சிறப்பு. நீரில் மூழ்கி மூச்சுத் திணறும் வேருக்கு மேலிருந்து காற்றைக் கொண்டு சேர்ப்பது அந்தப் பஞ்சுச் சோறுதான். சேற்றில் வாழ்வதற்காக வல்ல இறைவன் அச்செடிக்கு அளித்த ஏற்பாடு அது. அதே தண்டு காய்ந்தபின், கணுவில்லாததால் ஒடியாமல் வளைகிறது, வியர்வையை உறிஞ்சுகிறது, காற்றோட்டம் தருகிறது. ஆளுயரத் தண்டு ஒன்று இடையில் தடையேதுமின்றி நெடுகக் கிடைக்கும்போது, அதைப் பாயாக்கலாம் என்று மனிதனுக்குத் தோன்றியதில் வியப்பென்ன!

பாய்க்கெனவே பயன்படும் வகையைப் பாய்க்கோரை என்பர். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இயற்கையாகவே வளர்வது அது. 'கோரையாறு' என்ற பெயரில் திருவாரூர்ப் பக்கமும் திருச்சிப் பக்கமும் ஆறுகள் ஓடுவதைக் கண்டிருப்பீர்கள். கரையில் நின்ற செடியே ஆற்றுக்குப் பெயராகிவிட்டது போலும்! அவ்வளவு நெருக்கம் நம் நீருக்கும் கோரைக்கும்.

உறவினர் இருவர்

பாய்க்கோரையின் நெருங்கிய உறவினர் இருவரை மட்டும் இங்கே அறிமுகப்படுத்திவிடுகிறேன்.

முதலாவது, நைல் நதியோரச் சதுப்பில் வளர்ந்த பாப்பிரஸ். அரபியில் இதற்கு 'பர்தீ' என்று பெயர். இதன் உட்சோற்றை மெல்லிய பட்டைகளாகச் சீவி, குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, அழுத்தி உலர்த்தி எழுதுதாள் செய்தனர் எகிப்தியர். காகிதம் பரவும் வரை முஸ்லிம் ஆட்சியாளர்களின் அலுவலகங்களிலும் எகிப்தில் இத்தாளே புழங்கியது. ஹிஜ்ரி 22, அதாவது கி.பி. 643ஆம் ஆண்டு தேதியிட்ட ஒரு பற்றுச்சீட்டு, அரபியிலும் கிரேக்கத்திலும் எழுதப்பட்டது, இன்றும் வியன்னா நகரில் பாதுகாக்கப்படுகிறது. உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக்காலத்தில் எகிப்து சென்ற முஸ்லிம் படையினர், ஊராரிடம் பெற்றுக்கொண்ட ஆடுகளுக்காக எழுதிக் கொடுத்த சீட்டு அது. வாங்கிய பொருளுக்குக் கணக்கு எழுதித் தந்த அந்த நேர்மைக்குச் சாட்சியாக நிற்பது ஒரு கோரையினச் செடியின் தாள்!

இரண்டாவது உறவினர் நம் வீட்டு வாசலிலேயே இருப்பவர். வயலில் களையாக முளைத்து உழவரைப் பாடாய்ப்படுத்தும் கோரைக்கிழங்குச் செடிதான் அது. உலகின் மிகக் கொடிய களை என்று வேளாண் அறிஞர்கள் இதனைக் குறிப்பிடுவர். பிடுங்கப் பிடுங்க, மண்ணுக்குள் மணிமாலை போல் கோத்துக் கிடக்கும் கிழங்குகளிலிருந்து மீண்டும் தளிர்க்கும். ஆனால் அதே கிழங்கு மருந்துக் கடையில் 'முத்தக்காசு' என மதிப்புடன் விற்கப்படும். சித்தம், ஆயுர்வேதம், யூனானி ஆகிய மூன்று மருத்துவ முறைகளும் இதனை ஏற்றுக்கொண்டிருக்கின்றன. யூனானி ஹகீம்கள் 'சுஅத் கூஃபி' என்பது இக்கிழங்கையே. காய்ச்சலுக்கும் கழிச்சலுக்குமான கூட்டு மருந்துகளில் இது சேரும். நம் பாட்டிமார் அரைத்த நலங்கு மாவில் பூலாங்கிழங்கோடும் கஸ்தூரி மஞ்சளோடும் கோரைக்கிழங்கும் மணத்தது நினைவிருக்கலாம். குளியல் பொடிக்கு வீட்டில் அரைத்துக்கொள்வதில் தவறில்லை. உள்ளுக்குச் சாப்பிடுவதாயின் தேர்ந்த மருத்துவரைக் கேட்டே சாப்பிட வேண்டும்.

தொட்டிலடி முதல் கப்று வரை

நம் வீடுகளில் பாய் இல்லாத நிகழ்ச்சி எது? பிறந்த குழந்தையைக் குளிப்பாட்டிக் கிடத்தப் பாய். ஓதும் பள்ளியில் பிள்ளைகள் வரிசையாக அமர்ந்து அலிஃப், பே சொல்லப் பாய். நிக்காஹ் மஜ்லிஸில் மாப்பிள்ளையும் வலீயும் சாட்சிகளும் அமரப் பாய். விருந்தில் சஹனைச் சுற்றி நால்வர் கூடி உண்ணப் பாய். நோய்வாய்ப்பட்டவருக்குப் பாய். ஜனாஸா எடுத்த வீட்டில் ஆறுதல் சொல்ல வருவோருக்கும் பாய். பல ஊர்களில் கப்றின் மேல் பலகையோ மூங்கிலோ வைத்து, மண் உள்ளே சரியாதிருக்க அதன்மேல் ஒரு பாயை விரித்துவிட்டே மண் தள்ளுகிறோம். நாம் இவ்வுலகை விட்டுச் செல்லும்போது நமக்காகக் கடைசியாக விரிக்கப்படும் பொருள் அதுவே.

பாயின் மீது நமக்குள்ள பற்றுக்கு இன்னொரு காரணமும் உண்டு. அண்ணல் நபி (ஸல்) அவர்களின் வாழ்வில் பாய் திரும்பத் திரும்பக் காணக்கிடைக்கிறது. அனஸ் (ரலி) அவர்களின் இல்லத்துப் பாட்டியார் ஒருவர் நபியவர்களை விருந்துக்கு அழைத்தார்கள். உண்டு முடித்தபின் தொழவைக்க நபியவர்கள் எழுந்தபோது, நெடுநாள் புழங்கிக் கறுத்துப் போயிருந்த பாயொன்றை அனஸ் (ரலி) அவர்கள் எடுத்து, நீர் தெளித்து விரித்தார்கள். அதன்மீதே அத்தொழுகை நடந்தது. பிறிதொரு சமயம் நபியவர்களின் அறைக்குச் சென்ற உமர் (ரலி) அவர்கள், விரிப்பேதுமின்றிப் பாயில் படுத்திருந்ததால் விலாவில் பதிந்திருந்த தடத்தைக் கண்டு கண்ணீர் வடித்தார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவான செய்திகள் இவை. அரபு நாட்டில் பாய் பெரும்பாலும் பேரீச்ச ஓலையால் ஆனது; நம் நாட்டில் கோரையால் ஆனது. அந்தந்த மண் தந்த பொருளை அந்தந்த மண்ணில் வாழ்ந்தவர்கள் முடைந்துகொண்டார்கள்.

பத்தமடையின் விரல்கள்

திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம் செல்லும் சாலையில், சேரன்மகாதேவிக்கு அருகே உள்ள ஊர் பத்தமடை. தாமிரபரணியிலிருந்து பிரியும் கன்னடியன் கால்வாய் பாயும் வளமான பூமி. பத்து மடைகள் இருந்ததால் அப்பெயர் என்பர். இவ்வூரில் வாழும் லெப்பைக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் கோரைப்பாய் நெய்து வருபவர்கள். 1909ஆம் ஆண்டு வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்கள் பற்றிய பெருநூலிலேயே, லெப்பைகளின் தொழில்களில் ஒன்றாகக் கோரைப்பாய் முடைதல் குறிக்கப்பட்டுள்ளது.

பத்தமடைக்குப் பெயர் வாங்கித் தந்தது சாதாரணப் பாய் அன்று. 'பட்டுப்பாய்' எனப்படும் நுண்பாய். அதில் பட்டு நூல் ஒரு இழையும் இராது. கோரையைத் தலைமயிர் போல் மெலிதாக்கி, மெல்லிய பருத்தி நூலில் கோத்து நெய்வதால், கையில் எடுத்தால் பட்டுத்துணி போல் குழையும். கைக்குட்டை போல் மடித்துச் சிறு பெட்டிக்குள் வைக்கலாம். 1953ஆம் ஆண்டு இங்கிலாந்து அரசி எலிசபெத் முடிசூடியபோது இவ்வூர்ப் பாய் ஒன்று அன்பளிப்பாகச் சென்றது என்று ஊரார் பெருமையோடு கூறுவதுண்டு. 2012-13ஆம் ஆண்டில் பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. அதாவது, வேறெங்கோ செய்த பாயைப் பத்தமடைப் பாய் என்ற பெயரில் விற்பது சட்டப்படி குற்றம்.

ஒரு செடி பட்டாக மாறுவது எப்படி என்று அறிந்தால்தான் அதன் அருமை புரியும்.

பசுமையாக இருக்கும்போதே கோரையை அறுக்கிறார்கள். முற்றிவிட்டால் முறியும், இளசாக இருந்தால் சுருங்கும். அறுத்ததை வெயிலில் பரப்பி உலர்த்துவர். அவ்வேளையில் மழை பட்டால் கோரை கறுத்துவிடும், உழைப்பெல்லாம் வீண். பசுமை மறைந்து வைக்கோல் வண்ணம் ஏறியபின், நுண்பாய்க்குரிய கோரையை நெடுகக் கிழிப்பர். உள்ளிருக்கும் சோற்றைச் சீவி எறிந்துவிட்டு மேல்தோலை மட்டும் வைத்துக்கொள்வர். அடுத்து அதைக் கட்டுகளாகக் கட்டி நீரில் ஊறப்போடுவார்கள். மூன்று நாள் முதல் ஏழு நாள் வரை ஊறும். தேங்கிய நீரைவிட ஓடுகின்ற நீரே இதற்கு ஏற்றது. கோரை பருத்து, மென்மையடைந்து, பின்னர் மீண்டும் காய்ந்து நெசவுக்குப் பதமாகும். ஆறு ஓடினால்தான் பாய் உண்டு என்பது இதனாலேயே.

சாயமும் பழங்காலத்தில் செடியிலிருந்தே வந்தது. பதிமுகக் கட்டையைக் கொதிக்கவைத்த நீரில் கோரை சிவந்து எழும். பின்னாளில் கடைச்சாயங்கள் வந்து வண்ணங்கள் பெருகின.

தறி என்றால் நெட்டுத் தறியோ குழித்தறியோ அன்று. தரையோடு தரையாக இரு மூங்கில்களைக் கட்டி, அவற்றுக்கிடையே பருத்தி நூலைப் பாவாக இழுத்திருப்பார்கள். பாவு நூல்கள் துளையிட்ட மர அச்சு ஒன்றினுள் நுழைந்து செல்லும். அச்சைச் சாய்த்தால் ஒரு வரிசை நூல் மேலெழும். மறுபுறம் சாய்த்தால் அடுத்த வரிசை எழும். அந்த இடைவெளியில் ஒரே ஒரு கோரை இழையை மெல்லிய குச்சியின் துணையால் செலுத்தி, அச்சால் அழுத்தித் தட்டுவர். துணி நெசவில் நூல் முடிவின்றி ஓடும். இதில் ஒவ்வொரு இழையும் தனித்தனி. ஒவ்வொன்றையும் கையால் எடுத்து, நுனியையும் அடியையும் மாற்றி மாற்றிச் செருக வேண்டும். இல்லையெனில் ஒருபுறம் தடித்தும் மறுபுறம் மெலிந்தும் பாய் கோணிவிடும். பாயின் அகலம் என்பது கோரையின் நீளம். செடி எவ்வளவு உயர்ந்ததோ அவ்வளவே பாய் அகலும்.

நூலின் எண்ணைக் கொண்டே பாயின் தரத்தைச் சொல்வார்கள். 100, 120 என்று எண் உயர உயர நூல் மெல்லியதாகும், கோரையும் அதற்கேற்ப மெலிய வேண்டும், பாய் பட்டாகும், உழைக்கும் நாட்களும் கூடும். சாதாரணப் பாய் ஒன்றை ஓரிரு நாளில் முடித்துவிடலாம். நுண்பாய் ஒன்றுக்கு வாரங்கள் ஆகும். மணமக்களின் பெயரும் திருமண நாளும் பாயிலேயே எழுத்தாக வருமாறு நெய்யப்படும் கல்யாணப் பாய்க்குக் கண்ணும் கணக்கும் இன்னும் அதிகம் வேண்டும். எழுதப் படிக்க அதிகம் வாய்க்காத பெண்மணிகள்கூட, இழைகளை எண்ணி எண்ணிப் பிறர் பெயரை எழுத்துப் பிசகாமல் நெய்து தருவதை என்னென்று சொல்வது!

இத்தொழிலில் பெரும்பங்கு பெண்களுடையது. பாங்கு சொன்னால் எழுந்து தொழுதுவிட்டு, அடுப்பையும் பிள்ளையையும் பார்த்துக்கொண்டு, வீட்டுத் திண்ணையிலேயே அமர்ந்து செய்யும் தொழில் இது. தாய் நெய்ய மகள் இழை எடுத்துக் கொடுப்பாள். அப்படியே கற்றும் கொள்வாள். பள்ளியோ சான்றிதழோ இல்லாமல் கைமாறி வந்த கல்வி இது.

பத்தமடைக்கு அப்பாலும் கோரை பலருக்குச் சோறு போடுகிறது. காவிரிக் கரையில் கரூர், நாமக்கல், திருச்சி மாவட்டங்களில் கோரையை வயலிலேயே பயிரிடுகின்றனர். ஒருமுறை கிழங்கை நட்டுவிட்டால் பல ஆண்டுகள் தொடர்ந்து அறுவடை செய்யலாம். முசிறியிலும் வந்தவாசியிலும் பாய்த்தொழில் நெடுநாளாக நடந்து வருகிறது, விசைத்தறிகளும் ஓடுகின்றன. இலங்கையின் கிழக்குக் கரையோர ஊர்களில் நம் சகோதரிகள் 'பன்' எனப்படும் நீர்த்தாவரத்தைச் சாயமேற்றிக் கையாலேயே பாய் இழைக்கின்றனர்.

நலிவு எங்கிருந்து வந்தது?

இவ்வளவு புகழ் வாய்ந்த தொழிலில் இன்று பத்தமடையின் இளம்பெண்கள் எத்தனை பேர் அமர்கிறார்கள் என்று கேட்டால், விடை மகிழ்ச்சி தருவதாக இல்லை. பட்டுப்பாய் நெய்யத் தெரிந்த கைகள் குறைந்துகொண்டே வருகின்றன.

முதற்காரணம் கூலி. வாரக்கணக்கில் முதுகு வளைத்து நெய்த பாய்க்குக் கிடைப்பதைவிட, அதே நேரம் பீடி சுற்றினால் வாரந்தோறும் நிச்சயமாகக் காசு கிடைக்கும் என்று கணக்கிட்டே பல பெண்கள் அத்தொழிலுக்குச் சென்றனர். புகையிலைத் தூசு நெஞ்சுக்குக் கேடு என்பதை அறியாமல் சென்றவர்களல்லர். அடுப்பு எரிய வேண்டுமே!

இரண்டாவது, பிளாஸ்டிக் பாய். வண்ணம் பளபளக்கிறது, விலை மலிவு, நனைந்தால் துடைத்துவிடலாம். இந்த வசதிகளை மறுப்பதற்கில்லை. ஆனால் கோடை இரவில் அதன்மீது படுத்துப் பாருங்கள். வியர்வை உறிஞ்சப்படாமல் முதுகில் ஒட்டும். வெயிலில் கிடந்தால் சில ஆண்டுகளில் பொடிந்து உதிரும், உதிர்ந்தது மக்காது, எரித்தால் நச்சுப்புகை. கோரைப்பாயோ கிழிந்தபின்னும் கொல்லையில் மக்கி உரமாகும்.

மூன்றாவது காரணம் நம் கண்ணுக்கு எளிதில் தெரிவதில்லை. அது நீர். கோரை தானே வளர்ந்த ஆற்றோரங்கள் மணல் அள்ளப்பட்டும், ஆக்கிரமிக்கப்பட்டும், சாக்கடை கலந்தும் சீரழிந்தன. குளங்களில் ஆகாயத்தாமரை மூடியது. தாமிரபரணிக் கரையிலேயே கோரை அறுத்த பத்தமடை மக்கள், இன்று கரூர்ப் பக்கமிருந்து கோரையை விலைக்கு வாங்கி வரவேண்டியிருக்கிறது. கச்சாப்பொருளுக்கும் காசு, வண்டிக்கும் காசு. எஞ்சும் கூலி இன்னும் சுருங்குகிறது.

கோரை நின்ற கரையால் வேறு நன்மைகளும் இருந்தன. அதன் வேர்கள் கரை மண்ணை இறுகப் பிடித்து அரிப்பைத் தடுத்தன. தண்டுகளுக்கிடையே மீன் குஞ்சுகள் ஒதுங்கின. நீர்க்கோழி கூடு கட்டியது. சேறும் கழிவும் ஆற்றுக்குள் கலக்குமுன் கோரைப் புதரில் தங்கித் தெளிந்தன. 'வீணாய்க் கிடக்கும் சதுப்பு' என்று நாம் மண் கொட்டி மேடாக்கிய இடம் உண்மையில் வீணாய்க் கிடக்கவில்லை. அது ஊருக்காக ஓசையின்றி உழைத்துக்கொண்டிருந்தது.

நம்மால் ஆவது

'காலம் மாறிவிட்டது, என் செய்வது?' என்று கூறி நகர்ந்துவிடலாம். ஆனால் இத்தொழிலின் வாழ்வும் தாழ்வும் பெருமளவு நம் போன்ற குடும்பங்கள் வாங்கும் பொருளைச் சார்ந்தே இருக்கிறது என்பதை மறுக்க முடியுமா? ஆகவே சிலவற்றை உங்கள் சிந்தனைக்கு வைக்கிறேன்.

பெண்ணுக்குக் கல்யாணம் பேசும் வீடுகளில் கட்டிலும் மெத்தையும் பேசப்படுகின்றன. வரதட்சணைப் பட்டியலைக் கிழித்தெறிந்துவிட்டு, மணமக்கள் பெயர் நெய்த ஒரு கோரைப்பாயை அன்பளிப்பாகக் கொடுத்துப் பாருங்கள். ஆயிரம் பேருக்கு விருந்து வைக்கும் செலவில் அது ஒரு துளி. ஆனால் ஒரு நெசவாளப் பெண்ணின் வீட்டில் சில வாரங்களுக்கு அது உலைநீர். மூன்று, நான்கு மாதங்களுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். நுண்பாய் அவசரத்துக்கு வராது.

வாங்கும்போது பேரம் பேசுவதில் நம்மவர்கள் வல்லவர்கள். பெருங்கடையில் அட்டையில் எழுதிய விலையை மறுபேச்சின்றிக் கொடுத்துவிட்டு, நெய்தவரே வாசலில் வந்து விற்கும்போது பாதி விலைக்குக் கேட்பது எந்த நியாயம்? உழைப்பாளியின் வியர்வை உலர்வதற்கு முன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்று கற்ற சமுதாயம் நாம். அந்தக் கூலி நியாயமானதாக இருக்க வேண்டும் என்பதும் அதில் அடங்கியதுதானே!

பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். கம்பளம் விரிப்பது உங்கள் விருப்பம். மக்தப் பிள்ளைகளுக்கும் வெளித்திண்ணைக்கும் பாய் வாங்கும்போதாவது கோரையை நினைவில் கொள்ளுங்கள். கபரஸ்தானில் கப்றுக்குள் வைக்கும் பாய் எக்காரணம் கொண்டும் பிளாஸ்டிக்காக இருக்க வேண்டாம். மண்ணோடு மண்ணாகக் கலக்கும் இடத்தில் மக்காத பொருளுக்கு என்ன வேலை?

ஊர்க்குளத்தைத் தூர்வாரும்போது, கரையோரக் கோரையை முற்றாக வழித்தெறியாமல் ஓரிடத்திலாவது விட்டுவைக்குமாறு கூறுங்கள். ஜமாஅத்தில் நீர்நிலை பற்றிய பேச்சு எழும்போது இதற்கும் ஒரு வாய்ச்சொல் சேரட்டும்.

பாயைப் பேணுவது

இல்லத்தரசிகளுக்காக இறுதியாகச் சில குறிப்புகள்.

கோரைப்பாய்க்குப் பகை ஈரமே. தண்ணீர் பட்டால் உடனே துடைத்து, நிழலில் காற்றாட உலர்த்துங்கள். சோப்பு நீரில் ஊறவைக்கக் கூடாது. அழுக்கிருந்தால் பிழிந்த ஈரத்துணியால், கோரை ஓடும் திசையிலேயே துடையுங்கள். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை இளவெயில் காட்டினால் பூசணம் பிடிக்காது. கடும் வெயிலில் நாள் முழுதும் போட்டால் சாயம் வெளிறும், இழையும் முறியும்.

சாதாரணப் பாயை மடிக்காமல் சுருட்டி நிறுத்தி வையுங்கள். மடித்தால் மடிப்பிலேயே முறியும். நுண்பாயை மடிக்கலாம், ஆனால் ஒரே மடிப்பில் மாதக்கணக்கில் விட்டுவிடாதீர்கள். உலர்ந்த வேப்பிலை சில உள்ளே போட்டு வைத்தால் பூச்சி அண்டாது. ஓரம் பிரியத் தொடங்கியதும் துணிக்கரை வைத்துத் தைத்துவிட்டால் இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும்.

அசல் கோரையை அறிவது எளிது. இழைக்கு இழை வண்ணத்தில் மெல்லிய வேறுபாடு இருக்கும். இயற்கையில் எதுவும் அச்சில் வார்த்தது போல் இராதன்றோ? ஒரு மூலையில் துளி நீர் தொட்டு முகர்ந்து பாருங்கள். காய்ந்த வயலில் முதல் மழை விழுந்தாற்போல் ஒரு மணம் எழும். பிளாஸ்டிக்கில் அது வராது.

சகோதரிகளே! இன்றிரவு உங்கள் வீட்டில் பாய் விரிக்கும்போது அதன் ஒரு இழையை மட்டும் விரலால் தொட்டுப் பாருங்கள். சேற்றில் நின்ற ஒரு செடியையும், ஓடிய ஓர் ஆற்றையும், முகம் தெரியாத ஒரு சகோதரியின் பொறுமையையும் தாண்டி அது உங்கள் காலடிக்கு வந்திருக்கிறது. அந்தச் செடிக்கு நிற்க ஈரமும், அந்தச் சகோதரிக்கு உரிய கூலியும் கிடைக்க வல்ல இறைவன் அருள் புரிவானாக! அதில் நம் பங்கையும் ஏற்றுக்கொள்வானாக! ஆமீன்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் பனையோலையோடு சந்திப்போம். வஸ்ஸலாம்.